எந்தக் காலேஜ் பெரிசு? ரெயில் படிக்கட்டில் அல்ல, மைதானத்தில் தெரியும் சேதி!

திருத்தணி,—

"எங்க காலேஜ்தான் பெரிசு!"

திருத்தணி–சென்னை மின்சார ரெயிலில் தினமும் போய் வருகிறவர்களுக்கு இந்தக் கோஷம் புதிது அல்ல. படிக்கட்டில் தொங்கும் மாணவர்கள் பெட்டியைத் தட்டித் தாளம் போடுவார்கள். ஒரு காலேஜ் பெயரைச் சொல்லி ஒரு கோஷ்டி கத்தும். அடுத்த பெட்டியில் இருந்து வேறு காலேஜ் பெயரைச் சொல்லி இன்னொரு கோஷ்டி பதில் கொடுக்கும். ஆபீஸ் போகிற குமாஸ்தாவும், சரக்கு எடுக்கப் போகிற கடைக்காரரும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள்.

சத்தத்தோடு நின்றால் பரவாயில்லை. நிற்பது இல்லையே!

2019-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையில் "பஸ் தினம்" என்று பஸ் கூரையில் ஏறி ஆட்டம் போட்ட மாணவர்கள், கொத்தாகக் கீழே விழுந்த காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் நடந்தது அதைவிடக் கொடுமை. சென்னை சென்டிரல் அருகே மாணவர் கோஷ்டி ஒன்று தாக்கியதில் படுகாயம் அடைந்த கல்லூரி மாணவர், சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் இதே ரெயில் பாதையில் படிக்க வந்துபோனவர்.

காலேஜ் பெயருக்காக ஓர் உயிர் போயிற்று.

சரி, கேள்வியை நேராகவே கேட்டுவிடுவோம். எந்தக் காலேஜ்தான் பெரிசு? அதை அளக்க நியாயமான அளவுகோல் ஒன்று உண்டு. அதற்குக் கத்தியும் வேண்டாம், கல்லும் வேண்டாம். மைதானம் போதும்.

ஒரே தண்டவாளத்தில் 5 போட்டியாளர்கள்

சென்டிரலுக்கு எதிரே பார்க் ஸ்டேஷன். அங்கே தாம்பரம், செங்கல்பட்டு பக்கம் போகும் மின்சார ரெயிலில் ஏறினால் ஒரு வேடிக்கை தெரியும். விளையாட்டில் பெயர் வாங்கிய 5 கல்வி நிலையங்கள் அந்த ஒரே தண்டவாளத்தை ஒட்டி இருக்கின்றன.

நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா. சைதாப்பேட்டையில் இறங்கினால் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி பக்கம். கிண்டியில் என்ஜினீயரிங் கல்லூரி. தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி. அதையும் தாண்டிப் பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். ஒரு டிக்கெட் எடுத்தால் ஐந்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

நாமும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிப் பார்ப்போம்.

நுங்கம்பாக்கம்: டென்னிசும் சதுரங்கமும்

லயோலா கல்லூரி 1925-ல் தொடங்கியது. நிறுவியவர் பெர்ட்ராம் பாதிரியார். அவர் பெயரில் கல்லூரிகளுக்கு இடையிலான பந்தயங்களை லயோலா நடத்தி வருகிறது.

அந்தப் பந்தயத்தில்தான் ஒரு பொடியன் பெரிய ஆட்களை ஓடவிட்டான். 1951-ல் பள்ளிக்கூடப் பையனாக இருந்த ராமநாதன் கிருஷ்ணன், லயோலா முதல்வரிடம் தனி அனுமதி வாங்கி, கல்லூரி மாணவர்களுக்கான டென்னிஸ் போட்டியில் இறங்கினார். பட்டத்தையும் தட்டிச் சென்றார். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். 1960, 1961 ஆகிய 2 ஆண்டுகளும் விம்பிள்டன் அரை இறுதி. பின்னால் அவரும் லயோலாக்காரர் ஆனார்.

அவரைத் தொடர்ந்து விஜய் அமிர்தராஜ். 1973-ல் விம்பிள்டனிலும், அமெரிக்க ஓபனிலும் கால் இறுதிக்குப் போனவர். சதுரங்கத்தில் விசுவநாதன் ஆனந்த், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர், இங்கே பி.காம். படித்தவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஆக்கி அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், மேஜைப்பந்து வீரர் சரத் கமல் ஆகியோரும் லயோலா மாணவர்களே. 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற சரத் கமல், 2022 பர்மிங்காமிலும் 3 தங்கத்தோடு திரும்பினார்.

டென்னிஸ், சதுரங்கம், ஆக்கி, மேஜைப்பந்து. நான்கு ஆட்டத்திலும் உலக அளவுப் பெயர்கள். நுங்கம்பாக்கத்துக்காரர்கள் மார்தட்டினால் தப்பு சொல்ல முடியாது.

சைதாப்பேட்டை: வாத்தியார்களின் வாத்தியார்

நந்தனம் கல்லூரியின் கதை வேறு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் தொடங்கியது. ஆசியாவிலேயே முதல் உடற்பயிற்சிக் கல்லூரி இதுதான். 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேனேஜராக அழைத்துப் போனவரும் இதே பக் துரைதான்.

இந்தக் கல்லூரி எத்தனை கோப்பை வாங்கியது என்று எண்ணுவது சரியான கணக்கு ஆகாது. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விசில் ஊதிய டிரில் மாஸ்டர்களைத் தலைமுறை தலைமுறையாக உண்டாக்கிக் கொடுத்த இடம் இது. மற்ற கல்லூரிகளில் ஓடும் கால்களுக்கு முதலில் ஓடக் கற்றுக் கொடுத்தவர்களில் பலர் இங்கே படித்தவர்கள்.

கிண்டி: பொறியாளர் கையில் மட்டை

கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளி. கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

1975, 1979 ஆகிய 2 உலகக் கோப்பைகளிலும் இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்த வெங்கட்ராகவன் கிண்டிக்காரர். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 38 ரன் அடித்தாரே ஸ்ரீகாந்த், அவரும் கிண்டியில் எலெக்ட்ரிக்கல் படித்தவர். அந்த 38-தான் அந்த ஆட்டத்தில் இரு அணிகளிலும் சேர்த்து அதிக ரன்!

என்ஜினீயரிங் படித்துவிட்டுப் பந்து போடும் பழக்கம் கிண்டியோடு நிற்கவில்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள எஸ்.எஸ்.என். கல்லூரியில் ஐ.டி. படித்த அஸ்வின், டெஸ்டில் 537 விக்கெட் எடுத்துவிட்டு 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். மேஜைப்பந்து சத்தியன், செயிண்ட் ஜோசப் என்ஜினீயரிங் கல்லூரி மாணவர்.

தாம்பரம்: 365 படி, 365 ஏக்கர்

திருத்தணி முருகன் கோவிலுக்கு 365 படி. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் சுமார் 365 ஏக்கர். ஊருக்கும் கல்லூரிக்கும் உள்ள ஒற்றுமை இதோடு முடியவில்லை.

1888 செப்டம்பர் 5-ந்தேதி திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், வேலூர் ஊரிஸ் கல்லூரிக்குப் பிறகு படித்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். பிறகு வாத்தியாராக வேலைக்குப் போனது மாநிலக் கல்லூரிக்கு. ஒரு கல்லூரியில் படித்தார், இன்னொரு கல்லூரியில் பாடம் சொன்னார். எந்தக் கல்லூரிக்காகவும் யார் மண்டையையும் உடைக்கவில்லை. ஜனாதிபதி ஆனார்.

1837-ல் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் இது. ராதாகிருஷ்ணன் படித்த காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்தது. இடம் தாராளம். சேலையூர், புனித தாமஸ், பிஷப் ஹீபர் என்று பழைய விடுதிகள் மூன்று. இந்த விடுதிகளுக்குள்ளேயே போட்டி தூள் பறக்கும். வெளிக் கல்லூரியோடு மோதுவதற்கு முன்பு, பக்கத்து விடுதியோடு மோதித் தயாராகிவிடுகிறார்கள்.

நகரத்துக் கல்லூரிகளில் பல, ஒரு கூடைப்பந்துத் தளம் போடவே இடம் தேடி அலைகின்றன. தாம்பரத்துக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பொத்தேரி: கைப்பந்து ராஜாக்கள்

காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். வயதில் சின்னது. ஆனால் கைப்பந்தில் வடநாட்டு அணிகளும் இந்தப் பெயரைக் கேட்டால் உஷாராகும். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் கைப்பந்துப் பட்டத்தைப் பலமுறை தூக்கி வந்திருக்கிறது.

என்ன ரகசியம்? மந்திரம் ஒன்றும் கிடையாது. நன்றாக ஆடுகிற பையனைத் தேடிப் பிடித்து, சம்பளம் இல்லாமல் சீட் கொடுத்து, விடுதியில் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, பயிற்சியாளரைக் கூடவே வைத்தால் கோப்பை வரும். தனியார் பல்கலைக்கழகங்கள் பிடித்த வழி இது.

இங்கேதான் ஒரு சூட்சுமம்

லயோலாவையும் எஸ்.ஆர்.எம்.மையும் நேருக்கு நேர் வைத்து "நீ எத்தனை கோப்பை, நான் எத்தனை கோப்பை" என்று கணக்குப் போட்டால் அது தப்புக் கணக்கு. ஏன்?

எஸ்.ஆர்.எம். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தன் மாணவர்களைத் தன் பெயரிலேயே பல்கலைக்கழகப் போட்டிக்கு நேராக அனுப்பலாம். லயோலா பையன் அப்படிப் போக முடியாது. லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, பச்சையப்பன் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. முதலில் கல்லூரிகளுக்கு இடையில் ஆட வேண்டும். அதில் நன்றாக ஆடியவர்களைப் பொறுக்கிச் சென்னைப் பல்கலைக்கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே தேறினால் அகில இந்தியப் போட்டி. ஜெயித்தால் கோப்பையில் லயோலா பெயர் இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ரெயிலில் ஒருவர் மேல் ஒருவர் கல் எறியும் கல்லூரிக்காரர்கள், பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் ஒரே பனியன் போட்டு ஒரே பக்கம் ஆட வேண்டும்! சென்னைப் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி அகில இந்தியப் பட்டத்தைப் பலமுறை வென்றது. பல கல்லூரிப் பெண்கள் ஒன்று சேர்ந்து கொண்டுவந்த பட்டம் அது.

நம்ம ஊர்க் கல்லூரி எங்கே?

திருத்தணியிலும் கல்லூரி இருக்கிறது. சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரி. அதுவும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். அதாவது, நம்ம ஊர்ப் பையன் எந்தப் பந்தயத்தில் ஓடுகிறானோ, அதே பந்தயத்தில்தான் லயோலாவும் தாம்பரமும் ஓடுகின்றன. பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.முதலியார் தடகளப் போட்டியில் 100 மீட்டர் கோடு எல்லோருக்கும் 100 மீட்டர்தான். பெரிய காலேஜுக்கு 90, சின்ன காலேஜுக்கு 110 என்று கிடையாது.

கோடு ஒன்று. ஆனால் கோட்டுக்கு வந்து சேருகிற வழி ஒன்றா? ஒருவன் விடுதியில் முட்டையும் பாலும் சாப்பிட்டுவிட்டு, மைதானத்தில் 2 வேளை ஓடி வருகிறான். இன்னொருவன் அதிகாலையில் எழுந்து பழைய சோறு சாப்பிட்டு, நெரிசல் ரெயிலில் நின்றபடி 2 மணி நேரம் பிரயாணம் செய்து வருகிறான். போட்டியில் இருவரும் நிற்பது ஒரே கோட்டில்.

எல்லைப்புற ஊர் என்பதால் இன்னொரு விஷயமும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ந்தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலானோர் போராடி, படாஸ்கர் தீர்ப்புப்படி நம் பக்கம் வந்தது. இன்றும் குடும்பங்கள் இரண்டு பக்கமும் உண்டு. அக்காள் மகன் சென்னையில் படிப்பான். தங்கை மகன் திருப்பதி வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் படிப்பான். இரண்டு பல்கலைக்கழகமும் ஒரே தென் மண்டலம். இரண்டு பையன்களும் எதிர் எதிரே நின்று ஆடக் கூடும். ஆடிவிட்டு ஒரே வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலும் உட்காருவார்கள்.

டெல்லியில் ஒரு கோப்பை. அமெரிக்காவில் ஒரு கோப்பை

எல்லா ஆட்டத்தையும் கூட்டிப் பார்த்து "இதுதான் பெரிசு" என்று சொல்ல வழி இருக்கிறதா? இருக்கிறது.

மத்திய அரசு 1956–57 முதல் மவுலானா ஆசாத் கோப்பை கொடுக்கிறது. பல்கலைக்கழகப் போட்டிகள், சர்வதேசப் போட்டிகள் எல்லாவற்றிலும் ஒரு பல்கலைக்கழகம் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, அதிகம் பெற்றதற்குப் பல ஆண்டுகள் கொடுத்து வந்தார்கள். முதல் கோப்பை பம்பாய்க்குப் போனது. அதன் பிறகு பஞ்சாபியர் ராஜ்யம். அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகம் மட்டும் 20 தடவைக்கு மேல் வாங்கிவிட்டது!

2020-ல் புவனேசுவரத்தில் தொடங்கிய "கேலோ இந்தியா" பல்கலைக்கழகப் போட்டியிலும் முதல் ஆண்டு சாம்பியன், சண்டிகாரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகம்தான். அடுத்த போட்டி 2022-ல் பெங்களூரில் நடந்தபோது, அந்த ஊர் ஜெயின் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கோப்பை 1993–94-ல் வந்தது. ஓர் ஆட்டத்தில் தேசிய சாம்பியன் ஆனால் 100 புள்ளி. இரண்டாவது ஆண்டில் இருந்து தொடர்ந்து 25 தடவை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் அதை வாங்கியது. கால்பந்து, கூடைப்பந்து என்று கூட்டம் கூடும் ஆட்டங்களில் மட்டும் அல்ல. நீச்சல், வாட்டர் போலோ, டென்னிஸ் என்று எல்லாவற்றிலும் ஆள் வைத்தார்கள். கடைசியில் 2020–21-ல் டெக்சாஸ் அதைப் பறித்துக்கொண்டது.

இதில் பாடம் என்ன? ஒரே ஒரு நட்சத்திரத்தைக் காட்டி "நாங்கதான் பெரிசு" என்று சொல்ல முடியாது. பத்து ஆட்டத்தில் பத்துப் பேரைத் தயார் செய்தவர்களே பெரியவர்கள்.

பெயர் யாருக்கு? உழைப்பு யாருடையது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அப்பா. சரத் கமலுக்கும் அப்பாதான் குரு. வெங்கட்ராகவனையும் ஸ்ரீகாந்தையும் தேய்த்து மெருகு ஏற்றியதில் சென்னை லீக் கிரிக்கெட்டுக்குப் பெரிய பங்கு. கல்லூரிகள் அவர்களுக்கு இடம் கொடுத்தன, ஆடப் போக விட்டன. அதுவும் பெரிய உதவிதான். ஆனால் சுவரில் படம் மாட்டியிருப்பதால் மட்டும், அங்கே சேருகிற எல்லாப் பையனும் ஆனந்த் ஆகிவிட மாட்டான்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிகல் எத்திராஜ் கல்லூரியில் படித்தவர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து இரட்டையர் தங்கம் வென்றார். ஆனால் வாள்வீச்சு வீராங்கனை பவானிதேவி என்ன செய்தார் தெரியுமா? வண்ணாரப்பேட்டைப் பெண். சென்னையில் இத்தனை கல்லூரிகள் இருந்தும் கேரளாவின் தலச்சேரிக்குப் போனார். வாள்வீச்சுப் பயிற்சி மையம் அங்கே இருந்தது. அந்த ஊர் அரசு பிரென்னன் கல்லூரியில் படித்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாக நின்றார்.

பவானிதேவி காலேஜ் பெயரைத் தேடிப் போகவில்லை. பயிற்சி கிடைக்கும் ஊரைத் தேடிப் போனார்.

பெற்றோரே, 6 கேள்வி கேளுங்கள்!

பிள்ளை நன்றாக ஓடுகிறான், கபடியில் கில்லாடி என்று எந்தக் கல்லூரியாவது வீடு தேடி வந்தால் தலைகால் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்த 6 கேள்வியைக் கேளுங்கள்.

1. அந்த ஆட்டத்துக்கு முழுநேரப் பயிற்சியாளர் இருக்கிறாரா? அல்லது போட்டி வரும்போது மட்டும் தலை காட்டுவாரா?

2. "இலவசம்" என்றால் எது இலவசம்? படிப்புச் சம்பளம் மட்டுமா? விடுதி, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாமா? எழுதித் தருவார்களா?

3. போட்டிக்குப் போன நாட்களுக்கு வருகைப் பதிவு கொடுப்பார்களா?

4. முழங்கால் உடைந்து ஒரு வருஷம் ஆட முடியாவிட்டால் சீட் நிலைக்குமா? வைத்தியச் செலவு யாருடையது?

5. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, நடுவில் விலகினால் தர மறுப்பார்களா?

6. 3 வருஷம் கழித்துக் கையில் என்ன பட்டம் இருக்கும்? அதற்கு வேலை உண்டா?

நாலாவது கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

சான்றிதழில் இருக்கிறது வேலை

தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு கொண்டு வரப்பட்டது. என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் "நான் நன்றாக ஆடுவேன்" என்று வாயால் சொன்னால் ஆகாது. சான்றிதழ் வேண்டும். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவருக்குக் கிடைப்பது "படிவம் 3". மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் "படிவம் 2". நாட்டுக்காக ஆடினால் "படிவம் 1".

ஆக, கல்லூரிக் கோப்பையோடு நின்றுவிடக் கூடாது. பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்தால்தான் காகிதம் பேசும். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது வரம்பும் உண்டு. வருஷத்தை வீணாக்கினால் திரும்பி வராது.

2023-ல் விரிவாக்கப்பட்ட முதல்-அமைச்சர் கோப்பைப் போட்டியில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய்! சின்ன ஊர்க் கல்லூரி மாணவரும் மாவட்டப் போட்டியில் ஜெயித்து நேராக மேலே போகலாம்.

கடைசித் தீர்ப்பு

டென்னிசுக்கும் சதுரங்கத்துக்கும் நுங்கம்பாக்கம். கிரிக்கெட்டுக்குக் கிண்டி. கைப்பந்துக்குப் பொத்தேரி. இட வசதிக்குத் தாம்பரம். வாத்தியார்களுக்கு நந்தனம். எல்லாவற்றையும் கூட்டினால் பஞ்சாப்காரன் நம் எல்லோரையும் முந்திவிட்டான்! சென்னைக்குள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கோப்பை அமிர்தசரஸ் போய்விட்டது.

காலேஜ் பெயரைச் சொல்லி ரெயில் பெட்டியைத் தட்டுகிற தம்பிகளே! உங்கள் கல்லூரி அணி எந்த ஆட்டத்தில், எந்தத் தேதியில் ஆடுகிறது என்று தெரியுமா? ஒரு நாளாவது போய்ப் பார்த்துக் கைதட்டியது உண்டா? போய்ப் பாருங்கள். நீங்கள் எதிரி என்று நினைக்கும் கல்லூரிக்காரனும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பான். இருவரும் தொண்டை கிழியக் கத்துங்கள். தோற்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

மைதானத்தில் தோற்றவனுக்கு அடுத்த வருஷம் உண்டு. தண்டவாளத்தில் விழுந்தவனுக்கு இல்லை.